காய்ச்சலில் பாதி சொன்ன வாக்கியம்

எனக்கு டைபாய்டு வந்து சங்கரன்கோவில் அரசு ஆஸ்பத்திரியில் கிடந்தேன் என்றால், கேட்பவர்கள் முதலில் கேட்பது "முடி கொட்டிச்சா?" என்றுதான். கொட்டியது. பிறகு முளைத்தது, முன்னைவிடக் கொஞ்சம் சுருட்டையாக. முடியைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. நான் எழுத உட்கார்ந்தது அந்த நாட்களில் என் வாய்க்கு வந்த சோதனையைப் பற்றி. அந்த விஷயத்துக்கு உரியவளே பின்னாளில் அதை ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். அதனால்தான் எழுதுகிறேன், இல்லாவிட்டால் எழுதமாட்டேன்.

எழுபதுகளின் கடைசி அது. நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தேன். இப்போது போல அவரவரே எண்ணைப் போட்டு வெளியூருக்குப் பேசிக்கொள்ளும் காலம் இல்லை. கடையில் ஒருவர் போன் கைப்பிடியைச் சுழற்றினால் எனக்கு முன்னால் இருக்கும் பலகையில் அவருடைய எண்ணுக்கு உரிய சின்ன மூடி சடக்கென்று விழும். நான் இணைப்புக் கயிற்றைச் செருகி "நம்பர் ப்ளீஸ்" என்பேன். அவர் மதுரை வேண்டும் என்பார், தூத்துக்குடி வேண்டும் என்பார். ஊரில் போன் வைத்திருந்த அத்தனை பேருக்கும் என் குரல் தெரியும். முகம் யாருக்கும் தெரியாது. பஸ்ஸில் பக்கத்தில் இடித்துக்கொண்டு நிற்பவரின் கொடுக்கல் வாங்கல் முழுக்க எனக்குத் தெரியும், அவரோ "கொஞ்சம் தள்ளி நில்லும்மா" என்பார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பாக இருக்கும்.

இந்த ஊர் பூவுக்குப் பேர் போனது. விடிந்தால் கமிஷன் கடைக்காரர்கள் மதுரைக்கு அடித்துப் பிடித்துப் போன் போட்டு மல்லிகை விலை கேட்பார்கள். கேட்டு முடித்ததும் எதிர்க்கடைக்காரருக்கு என்ன விலை சொன்னார்கள் என்று என்னிடம் நைசாக விசாரிப்பார்கள். எல்லோருக்கும் என்னிடம் ஒரே பதில்தான்: "லைன் கிளியரா இல்லண்ணாச்சி, காதுல விழல." சம்பந்தம் பேசினாலும், சண்டை பிடித்தாலும், பெண்ணைத் திருப்பி அனுப்பினாலும் எனக்கு லைன் கிளியராக இருந்ததே இல்லை. இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. குணத்தில் உறுதியானவள் என்று என்னை நானே மெச்சிக்கொள்வேன். திருவேங்கடத்தில் வாத்தியாராக இருந்த என் அண்ணன் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டான். "ரூபி, உனக்கு இருக்கது உறுதி இல்லட்டி, அழுத்தம்" என்பான்.

காற்றுக் காலத்தில் இன்னொரு வேலை சேர்ந்துகொள்ளும். ஆனி, ஆடியில் மலைக் கணவாய் வழியாக வரும் காற்று கம்பிகளைப் போட்டு ஆட்டும். இரண்டு முனையில் இருப்பவர்களுக்கும் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. நடுவில் இருக்கும் எனக்கு மட்டும் இரண்டு பக்கமும் ஓரளவு கேட்கும். அப்போது ஒருவர் சொல்வதை நான் வாங்கி அடுத்தவருக்குச் சொல்வேன். அதற்கு ஒரு முறை இருந்தது. 'அவர் வருவதாகச் சொல்கிறார்' என்று நீட்டி முழக்கினால் ஒரு காலுக்குக் கொடுக்கும் மூன்று நிமிடமும் அதிலேயே போய்விடும். அவர் "நான் வாரேன்" என்றால் நானும் "நான் வாரேன்" என்றே சொல்ல வேண்டும். ஒரே காலையில் நான் மிளகாய் வியாபாரியாகவும், கோபித்துக்கொண்ட மாமனாராகவும், பட்டாளத்திலிருந்து லீவில் வரும் மகனாகவும் பேசியிருக்கிறேன்.

அப்படித்தான் அந்த ஆனி மாதம் ஒரு நாள் நான் டாக்டராகப் பேச வேண்டி வந்தது.

பூக்கடை சங்கரலிங்கம் அண்ணாச்சிக்கு மதுரையிலிருந்து ஒரு டிரங்க் கால். அவர் மனைவிக்கு வயிற்றில் கட்டி. அதிலிருந்து துளி சதையை எடுத்துச் சோதிக்கக் கொடுத்திருந்தார்கள். அதன் முடிவைச் சொல்ல டாக்டர் கூப்பிட்டிருந்தார். காற்று கம்பியைப் பிய்த்துக்கொண்டிருந்தது. "ஒண்ணும் கேக்கல தாயி, நீயே சொல்லிரு" என்றார் அண்ணாச்சி. டாக்டர் சொன்னார், நான் சொன்னேன்.

"சதை டெஸ்ட் ரிசல்ட் வந்துருச்சு. கேன்சர்தான். கல்லீரல் வரைக்கும் போயிருச்சு. ஆபரேஷன் பண்ணிப் பிரயோஜனம் இல்ல. இனிமே நான் செய்யக்கூடியது ஒண்ணும் இல்ல. வீட்ல வச்சு நல்லாப் பாத்துக்கங்க."

டாக்டர் 'நான்' என்றதால் நானும் 'நான்' என்றேன். மதுரை இணைப்பு போன பிறகும் அண்ணாச்சி போனை வைக்கவில்லை. "தாயி, இது என் வீட்டுக்காரிக்குத் தெரியக் கூடாது. அவ தாங்க மாட்டா" என்றார்.

"லைன் கிளியரா இல்லண்ணாச்சி" என்றேன். அவருக்குப் புரிந்தது.

அடுத்த வாரமே எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. முதலில் லேசான தலைவலி. காதில் மாட்டும் ஹெட்செட் இறுக்கமாக இருக்கிறது என்று நினைத்தேன். சாயங்காலம் உடம்பு கணகணக்கும், காலையில் விட்டது போல இருக்கும், மறுநாள் சாயங்காலம் நேற்றைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஏறும். பஜாரில் ஒரு டாக்டர் மலேரியா என்று மாத்திரை கொடுத்தார். வாந்தி வந்ததுதான் மிச்சம். நாக்கில் சுண்ணாம்பு தடவியது போல வெள்ளை படிந்தது. ஒரு நாள் பலகையில் விழுந்த மூடி எந்த எண் என்று தெரியாமல் நான் விழித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வேலை பார்த்த பெண் என் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு ரிக்‌ஷாவுக்கு ஆள் அனுப்பினாள்.

அரசு ஆஸ்பத்திரியில் வெளிநோயாளிகளின் வரிசை வேப்பமரம் வரைக்கும் நீண்டிருந்தது. நிற்கவும் முடியாமல் உட்காரவும் இடமில்லாமல் சுவரில் சாய்ந்துகொண்டேன். வரிசையில் எனக்கு வெகு முன்னால் நின்ற ராயகிரி ஊர்ப் பெண் ஒருத்தி ஒன்றும் கேட்காமல் தன் இடத்தை எனக்கு விட்டுக்கொடுத்து, தான் என் இடத்தில் போய் நின்றாள். அவள் பேரைக்கூட நான் கேட்கவில்லை. இன்றைக்கும் அவள் நினைப்பு வரும்.

டாக்டரம்மா இளவயது. வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, ரத்தம் எடுத்து வைடால் டெஸ்டுக்கு அனுப்பச் சொன்னார். அது என்ன என்று கேட்டேன், எனக்கு எதையும் விவரமாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். செத்த டைபாய்டு கிருமிகளை நம் ரத்தத்தின் தெளிவில் கலந்து பார்ப்பார்களாம். முன்பே உள்ளே கிருமி புகுந்து உடம்பு அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தால், அந்தச் செத்த கிருமிகள் திரிந்த பால் போலக் கட்டி கட்டியாகச் சேருமாம். எனக்கு நன்றாகவே சேர்ந்திருந்தது. "குடல்ல புண்ணு இருக்கும்மா. கட்டியா எதையும் சாப்பிட்டா குடல் ஓட்டையாயிரும். தண்ணி ஆகாரந்தான்" என்றார். ஓட்டை என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு உண்மையாகவே பயம் வந்தது. அதுவரை காய்ச்சலை வேலைக்கு லீவு போட வைக்கும் தொந்தரவாக மட்டும் நினைத்திருந்தேன்.

பெண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டில். கால்மாட்டில் காய்ச்சல் ஏறுவதும் இறங்குவதுமாக ஒரு சார்ட் தொங்கியது. நேரம் தவறாமல் ஒரு கேப்ஸ்யூல், அதன் கசப்பு தொண்டையிலேயே நிற்கும். திருவேங்கடத்திலிருந்து என் மதினி எஸ்தர் பெட்டியோடு வந்து இறங்கிவிட்டாள். மதினிக்கும் எனக்கும் அதுவரை பெரிய ஒட்டுதல் கிடையாது. அண்ணன் வீட்டில் நான் கால்மேல் கால் போட்டு உட்காருகிறேன் என்பது அவள் குறை. அவள் எல்லாவற்றுக்கும் ஜெபம் பண்ணுகிறாள் என்பது என் குறை. ஆனால் அவள்தான் அரோட்டு மாவுக் கஞ்சியைத் துணியில் வடிகட்டி ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டினாள். பேன் பிடித்துவிடக் கூடாது என்று தலையை வாரிப் பின்னிவிட்டாள். உதிர்ந்த முடியை என் கண்ணில் படாமல் முந்தானையில் முடிந்து வெளியே கொண்டுபோய்ப் போட்டாள். நான் பார்த்துவிட்டேன், பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

பிறகு சில நாட்கள் எனக்கு நினைவில்லை. காய்ச்சல் உச்சிக்குப் போய் ஜன்னி கண்டுவிட்டது. ராத்திரியா பகலா என்று தெரியாது. பலகையில் எல்லா மூடிகளும் ஒரே சமயத்தில் விழுகின்றன, கையில் கயிறு இல்லை. இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

தெளிந்து கண்ணைத் திறந்தபோது காது இரண்டும் பஞ்சு அடைத்தது போல மந்தமாக இருந்தது. மதினியின் வாய் அசைந்தது, சத்தம் எங்கிருந்தோ வந்தது. ஆபரேட்டருக்குக் காது போனால் என்ன மிச்சம்? நான் அழுதேன். டாக்டரம்மா தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி என் காதோரம் வைத்தார். மெல்லிசாக டிக் டிக் என்றது. "கேக்குதுல்ல? டைபாய்டுல இப்படி இருக்கும், சரியாயிரும்" என்றார். காது கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. அது திறந்து முதலில் தெளிவாகக் கேட்ட குரல் பக்கத்துக் கட்டிலிலிருந்து வந்தது.

"முழிச்சிட்டியா பிள்ள? நீதான எக்ஸ்சேஞ்சுல பேசுத பொண்ணு? உன் குரலை எங்கன கேட்டாலும் எனக்குத் தெரியும்."

திரும்பிப் பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும். முகம் வற்றி, வயிறு மட்டும் பானை போல உப்பியிருந்தது. நோய் தீர என்று நெற்றியில் கோவில் புற்றுமண்ணை இட்டிருந்தாள். கட்டிலோரம் ஒரு முழப் பூ தொங்கியது.

"நான் பூக்கடைக்காரர் வீட்டுக்காரி, கோமதி" என்றாள்.

எனக்குக் காய்ச்சல் திரும்ப ஏறுவது போல இருந்தது. மதினி பக்கத்தில் வந்ததும் மெதுவாகக் கேட்டேன்: "மதினி, நான் ஜன்னியில என்னமும் உளறுனேனா?"

"உளறாம? வார்டு பூரா உன் எக்ஸ்சேஞ்சுதான். ஹலோ ராஜபாளையம், ஹலோ மதுரைன்னு கத்துன. கம்பவுண்டர் வந்து எனக்கும் ஒரு கால் போட்டுக் குடுங்கன்னு கேலி பண்ணிட்டுப் போறாரு."

"வேற?"

"வேற என்ன? எனக்கு அதெல்லாம் வெளங்குமா? கர்த்தரே காப்பாத்தும்னு ஜெபம் பண்ணிக்கிட்டு இருந்தேன்."

அன்று சாயங்காலம் அண்ணாச்சி வந்தார். அதுவரை அவரை நான் பார்த்ததில்லை. குரலை வைத்து நான் கற்பனை செய்திருந்தது வாட்டசாட்டமான ஆள். வந்தவர் மெலிந்த, குட்டையான மனிதர், காதில் பென்சில். மனைவியிடம், "அல்சர் இப்பம் தேவலையா?" என்று சத்தமாகக் கேட்டார். வார்டில் எல்லோருக்கும் கேட்கட்டும் என்று சொன்னது போல இருந்தது. "இதுதான் எக்ஸ்சேஞ்சுப் பிள்ள" என்று அவள் காட்டியதும் என்னைப் பார்த்தார். கைகள் தாமாகக் கும்பிடப் போய்ப் பாதியில் நின்றன. மறுநாளிலிருந்து மனைவிக்கு ஒரு இளநீர் என்றால் எனக்கும் ஒரு இளநீர் வந்தது. சாத்துக்குடி வந்தது. மதினிக்குப் பூ வந்தது. மதினி, "எவ்வளவு தங்கமான மனுசன்!" என்று உருகினாள். அது என் வாயை மூட வந்த இளநீர் என்று எனக்கு மட்டும் தெரியும்.

இரண்டு நாள் கழித்து, மதினி கஞ்சி வைக்கப் போயிருந்தபோது கோமதி அக்கா தன் கட்டிலில் என் பக்கமாகத் திரும்பிப் படுத்தாள்.

"ரூபி, ஒண்ணு கேக்குதேன். மறைக்காம சொல்லு. நீ ஜன்னியில, 'லைன் கிளியரா இல்ல, நான் சொல்லுதேன் கேளுங்க'ன்னு ஆரம்பிச்ச. 'சதை டெஸ்ட் ரிசல்ட் வந்துருச்சு'ன்ன. அப்பம் பாத்து உன் மதினி உன் வாயில பார்லித் தண்ணிய ஊத்திட்டா. மிச்சம் உள்ள போயிட்டு."

நான் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"இந்த ஊர்ல யாருக்கு சதை டெஸ்ட் எடுத்துருக்கு? எனக்குத்தான. அந்த மிச்சத்தச் சொல்லு."

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் என் குணத்தைப் பற்றி எவ்வளவு பெருமைப்பட்டிருந்தேன்! கடைசியில் என்னைக் காப்பாற்றியது குணம் இல்லை, ஒரு ஸ்பூன் பார்லித் தண்ணீர். அதை நினைத்து அப்போதே எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் இப்போது ஜன்னி இல்லை. இனி வாயைத் திறந்தால் அது நான் திறந்ததாகும்.

"காய்ச்சல்ல உளறுனதுக்கெல்லாம் அர்த்தம் உண்டாக்கா?" என்றேன்.

"சரி, அத விடு. அல்சருக்கு வயித்துல தண்ணி எடுப்பாங்களா? அதச் சொல்லு."

அவள் வயிற்றில் நீர் கோத்துக்கொண்டே இருந்தது. சில நாளைக்கொரு தடவை பெரிய ஊசியைக் குத்தி, ரப்பர் குழாய் வழியாக அந்த நீரைப் பாத்திரத்தில் வடியவிடுவார்கள். வடிந்ததும் மூச்சு இலகுவாகும், பிறகு மறுபடி நிறையும். அல்சருக்கு அப்படிச் செய்வதில்லை என்று வார்டில் இருந்த எல்லோருக்கும் தெரியும். தெரியாதது போல இருந்தோம்.

"தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

அதற்கு அவள் சொன்ன பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. "அல்சர்னா நான் சிவகிரிக்குப் போக மாட்டேன். வேற என்னமும்னா போகணும்" என்றாள்.

சிவகிரியில் அவளுடைய ஒரே தங்கை வள்ளி இருந்தாள். இருவருக்கும் பல வருஷமாகப் பேச்சில்லை. வள்ளி மகளுக்குக் கல்யாணம் வைத்தபோது, அக்கா வீட்டுக்கு நேரில் வந்து வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவில்லை. பூக்கடைக்குப் போன் போட்டிருக்கிறாள். "எனக்கு இத்தன மாலை வேணும், இத்தன கிலோ உதிரிப்பூ வேணும்னு ஆர்டர் குடுத்துட்டு, அப்படியே நீங்களும் கல்யாணத்துக்கு வந்துருங்கன்னு சொல்லுதா! கூடப் பிறந்தவள பூவோட சேத்து ஆர்டர் பண்ணுவாளா ஒருத்தி? அவ வீட்டுக்காரரு காலு முறிஞ்சு கிடந்தாராம், வர முடியலையாம். ஏன், இவ காலும் முறிஞ்சிருந்ததா?" இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அவள் குரல் ஏறியது. பூவை மட்டும் அனுப்பிவிட்டு அவள் போகவில்லை. எனக்கு அந்த அழைப்பு ஞாபகம் இருந்தது. அந்த லைனையும் போட்டவள் நான்தான்.

"அல்சர்னா அவதான் முதல்ல வரணும். நான் எறங்கிப் போக மாட்டேன். ஆனா சாகப் போறேன்னா, அந்த வீம்பத் தூக்கிக்கிட்டு நான் எங்க போவேன்? எனக்குக் கணக்குத் தெரியணும் பிள்ள. அவர்ட்ட கேட்டா அல்சர், அல்சர்ங்காரு."

அன்று முழுக்க எனக்கு உடம்பைவிட மனசு அதிகம் வலித்தது. சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. அவள் உயிர், அவள் வயிறு, அவள் தங்கை. அவளுக்குத் தெரியாமல் எனக்குத் தெரிந்திருப்பது அநியாயம் என்று பட்டது. ஆனால் அந்த வார்த்தைகள் என்னுடையவை அல்ல. டாக்டர் அவற்றைச் சொன்னது அண்ணாச்சிக்கு. இன்று ஒருத்தியின் நல்லதுக்காக நான் வாயைத் திறந்தால், நாளைக்கு இன்னொருவர் நல்லதுக்கென்று திறப்பேன். பிறகு எந்தக் கயிற்றை நம்பி யார் பேசுவார்கள்? சொல்லாமல் படுத்துக்கிடந்து இளநீர் குடித்துக்கொண்டிருப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. வாயை மூடிக்கொண்டால் போதும், அதுதான் நேர்மை என்று அத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். வார்டில் அது கையாலாகாத்தனம் போலத் தெரிந்தது.

கஞ்சியோடு வந்த மதினி என் முகத்தைப் பார்த்து, "என்னட்டி, வயித்த வலிக்கா?" என்று பதறினாள். ஓட்டை பயம் அவளுக்கும் இருந்தது. "இல்ல மதினி, ஒருத்தர் விஷயம். உங்கள்ட்ட சொல்ல முடியாது" என்றேன். வேறு யாராக இருந்தாலும் துருவியிருப்பார்கள். மதினி கஞ்சி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "சொல்ல முடியாதுன்னா சொல்லாத. யார்ட்ட சொல்லணுமோ அவங்கள்ட்ட சொல்லு" என்றாள். சொல்லிவிட்டு ஸ்பூனைத் துடைத்தாள். அவள் ஒன்றும் பெரிதாக நினைத்துச் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். எனக்கு அது போதுமாக இருந்தது.

மறுநாள் அண்ணாச்சி இளநீரோடு வரும் நேரத்துக்கு, மதினியின் தோளைப் பிடித்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனேன். எழுந்து நடந்தது அதுதான் முதல் தடவை. கால் இரண்டும் வேறு யாருடையதோ போல நடுங்கின. பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு மதினி தள்ளிப் போய் நின்றுகொண்டாள்.

அண்ணாச்சி என்னைக் கண்டதும் வெளுத்துப்போனார். "தாயி, சொல்லிட்டியா?"

"சொல்லலண்ணாச்சி. நான் சொல்ல மாட்டேன். ஆனா அக்கா என்ட்ட கேக்காங்க."

"நீ ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிரு."

"எல்லாருக்கும் அதத்தான் சொல்லுவேன், உங்களுக்குத் தெரியும். அக்காவுக்கும் அதத்தான் சொன்னேன். ஆனா அவங்க கேக்குதது என்னைய இல்லண்ணாச்சி. உங்களைக் கேக்காங்க. லைன் கிடைக்காம என்ட்ட வந்து நிக்காங்க."

அவர் இளநீரைக் கையில் வைத்துக்கொண்டே பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தார். "அவ தாங்க மாட்டா" என்றார் மறுபடியும்.

"அவங்க தாங்குவாங்க அண்ணாச்சி. தாங்காதது நீங்கதான்."

பெரியவரிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. அவர் கோபப்படவில்லை. மேல்துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். முதுகு குலுங்கியது. காலையில் மல்லிகைக்கு அரை ரூபாய் குறைப்பதற்காக மதுரைக்காரனோடு அத்தனை சத்தம் போடும் மனிதர், சத்தம் வராமல் அழுதார். நான் காற்றில் ஆடும் வேப்பங்கிளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "நீயும் உள்ள வாரியா தாயி? கூட இரு."

"லைன் கிடைச்ச பெறவு நான் நடுவுல இருக்கக் கூடாது" என்றேன்.

அவர் உள்ளே போனார். நான் மதினியைக் கூப்பிட்டு, வராந்தாவின் அந்தக் கோடி வரைக்கும் என்னை நடத்திக்கொண்டு போகச் சொன்னேன். "இங்கனயே இரி, கால் நடுங்குது" என்றாள். "கேக்காத தூரத்துக்குப் போகணும் மதினி" என்றேன். எதற்கு என்று அவள் அப்போதும் கேட்கவில்லை. எங்களுக்குள் ஒட்டுதல் அன்றைக்குத்தான் தொடங்கியது.

திரும்பி வந்தபோது அண்ணாச்சி கட்டிலோரம் உட்கார்ந்து மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தத் தலைமுறையில் நாலு பேர் பார்க்க அப்படிச் செய்ய மாட்டார்கள். கோமதி அக்காவின் கண் சிவந்திருந்தது. ஆனால் முகம் தெளிவாக இருந்தது. அவர் போன பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அல்சர் இல்லையாமே."

"அப்படியாக்கா?"

"நல்ல அழுத்தக்காரிட்டி நீ!" என்று சிரித்தாள். அண்ணன் சொல்லும்போது வந்த கோபம், அவள் சொல்லும்போது வரவில்லை.

அதன் பிறகு அவளுக்கு மறைப்பு என்பதே இல்லாமல் போயிற்று. ஊசி போட வந்த நர்ஸிடமும் வார்டு கூட்ட வந்த அம்மாவிடமும், "எனக்கு கேன்சராம்" என்று பேர் சொல்வது போலச் சொன்னாள். பயம் இல்லாமல் இல்லை. சில வேளை பேச்சின் நடுவில் நிறுத்திவிட்டுச் சுவரையே பார்ப்பாள், அழுவாள். ஆனால் யாரிடம் என்ன கேட்கலாம் என்று அவளுக்கு இப்போது தெரிந்தது. வலிக்கு மருந்து கூட்டிக் கேட்டாள். பார்க்க வந்த மருமகளிடம் எந்த நகை யாருக்கு என்று பிரித்துச் சொன்னாள். சிவகிரிப் பேச்சை மட்டும் எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

என் சார்ட்டில் கோடு கீழே இறங்கி அங்கேயே நின்றது. முதல் முறையாகக் குழைய வடித்த சோறும் மோரும் கொடுத்தார்கள். அவ்வளவு ருசியான சாப்பாட்டை நான் அதற்கு முன்னும் பின்னும் சாப்பிட்டதில்லை. டிஸ்சார்ஜ் ஆகி திருவேங்கடத்துக்குப் போய் மதினி கையால் உடம்பைத் தேற்றிக்கொண்டு, தலையில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு வேலைக்குத் திரும்பினேன். கோமதி அக்காவையும் வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

ஆடிக் காற்று இன்னும் ஓயவில்லை. கோவிலின் ஆடித் தபசுத் திருவிழாவுக்கு வந்த கூட்டம் அப்போதுதான் ஊரைவிட்டுப் போயிருந்தது. ஒரு முற்பகலில் பலகையில் பூக்கடை எண்ணின் மூடி விழுந்தது. விலை கேட்கிற நேரம் இல்லையே என்று நினைத்துக்கொண்டே கயிற்றைச் செருகினேன்.

"நம்பர் ப்ளீஸ்."

"ரூபியா? நான்தான். ரிக்‌ஷாவுல கடைக்கு வந்து உக்காந்துருக்கேன். பஸ்ஸுல போக உடம்பு தாங்காது. சிவகிரி போடு."

வள்ளி வீட்டுக்கு அடுத்திருந்த அரிசி மில்லில் போன் இருந்தது. ஆளை அனுப்பிக் கூட்டி வரச் சொன்னேன். காத்திருந்தோம். வள்ளி வந்து போனை எடுத்தாள். நான் இரண்டு லைனையும் சேர்த்துவிட்டு விலகப் போனேன்.

"யாரு? ஹலோ? யாரு பேசுதது?" என்று வள்ளி கத்தினாள். "வள்ளி, நாந்தாண்டி" என்று கோமதி அக்கா இங்கே கத்தினாள். நடுவில் காற்று ஒரேயடியாக இரைந்தது. ஒருத்தி குரல் இன்னொருத்திக்குப் போய்ச் சேரவில்லை.

"ரூபி, இருக்கியாட்டி? நீயே சொல்லிரு. நான் சொல்லச் சொல்லச் சொல்லு."

"அக்கா..."

"இப்பம் அது என் பேச்சு. நான் சொல்லச் சொல்லுதேன். சொல்லு."

நான் சொன்னேன். "வள்ளி, நான் கோமதி பேசுதேன்."

கோமதி அக்கா அடுத்ததைச் சொன்னாள், நானும் சொன்னேன்.

"எனக்கு அல்சர்னு சொல்லியிருப்பாங்க. அல்சர் இல்ல." இதுவரை வந்தது. அடுத்த சொல் வரவில்லை. ஜன்னியில் விழுங்கியதும், வார்டில் விழுங்கியதும் அந்த ஒரு சொல்தான்.

"சொன்னியாட்டி?"

"இல்லக்கா."

"சொல்லு மக்கா. ஒண்ணும் செய்யாது."

"எனக்கு கேன்சர்" என்றேன். பிறகு அவள் சொன்னதையெல்லாம் சொன்னேன். "கல்யாணத்துக்கு வராம இருந்தது தப்புத்தான். ஆனா பூ நல்லாத்தான அனுப்புனேன்? உன்னப் பாக்கணும். வாட்டி."

சிவகிரிப் பக்கம் வெகுநேரம் காற்று மட்டும் இரைந்தது. லைன் அறுந்துவிட்டதோ என்று பயந்து, "ஹலோ, ஹலோ" என்றேன். பிறகு வள்ளியின் குரல் வந்தது. நான் அதை வாங்கி இந்தப் பக்கம் சொன்னேன்:

"போன்ல கூப்பிட்டா நான் மட்டும் வந்துருவேனா?"

கோமதி அக்கா சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாள், மூச்சு வாங்கியது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சிவகிரியிலிருந்து அடுத்தது வந்தது. வள்ளி அதை அழுதுகொண்டே சொன்னாள். நான் முறைப்படி, அவள் சொன்னபடியே சொன்னேன்.

"உலையில எனக்கும் சேத்து அரிசி போடு. அடுத்த பஸ்ஸுக்கு வாரேன்க்கா."

கோமதி அக்கா கேட்டாள்: "ஏட்டி ரூபி, இப்பம் அழுதது அவளா, நீயா?"

"லைன் கிளியரா இல்லக்கா" என்றேன்.